தெறிவினையா, தன்நோக்கா: ஓர் அரையாண்டு ஆய்வுக்கு எதை எடுப்பது?

முழங்காற் சில்லுக்குக் கீழே தட்டினால் கால் துள்ளுகிறது. ‘தன்னை’ என்ற சொல் வாக்கியத்தில் முன்னால் வந்த ஒருவரைத் திரும்பிச் சுட்டுகிறது. நேர்காணலுக்குப் போன மாணவி, தான் எந்த ஊர் என்று தெரிந்தபின் பதில்களின் போக்கு மாறியதைக் குறித்துக்கொள்கிறார். நாளைக்கு விலை ஏறும் என்று எல்லோரும் நினைத்ததாலேயே இன்றைக்கு விலை ஏறுகிறது. உடற்றொழிலியல் முதலாவதைத் தெறிவினை என்கிறது, இலக்கணம் இரண்டாவதைத் தற்சுட்டு என்கிறது. சமூகவியலும் பொருளியலும் பேசும் மற்ற இரண்டையும் இங்கே தன்நோக்கு என்று சொல்லிக்கொள்வோம். ஆங்கிலத்தில் இவையெல்லாம் ‘reflex’ என்ற ஒரே சொற்குடும்பம். கணிதமும் கணினியியலும் தங்கள் பங்குக்கு அதற்கு இன்னும் இரண்டு பொருள் சேர்த்திருக்கின்றன.

திருகோணமலையில் இருந்தபடி இறுதியாண்டு ஆய்வு செய்யப்போகும் ஒருவர் இவற்றில் எதை எடுக்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. நிலைமை இப்படி என்று வைத்துக்கொள்வோம்: ஆள் ஒருவர் அல்லது இருவர், காலம் 15 வாரம், கையில் ஒரு நல்ல மொபைலும் ஒரு மடிகணினியும், பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் அளவான காசு.

தெரிவுக்கு நாங்கள் வைக்கும் உரைகல் ஒன்றே. எந்தத் துறையானாலும் ஒன்று புறப்பட்டுப் போய் ஏதோவொரு வடிவில் திரும்பி வருகிறது. அது திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது? அந்த நேரத்தை உங்கள் கையிலுள்ள கருவியால் பிடிக்க முடியுமா? முழங்காலில் அது ஒரு செக்கனின் நூறில் சில பங்கு. வாக்கியத்தில் கேட்ட மாத்திரத்திலேயே திரும்பிவிடும். நேர்காணலில் ஒரு பின்னேரம். சந்தையில் ஒரு நாளா ஒரு மாதமா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. தலைப்பின் கவர்ச்சியை வைத்துத் தெரிவு செய்தவர்கள் பத்தாம் வாரத்தில் திண்டாடுவதற்கு, இந்தக் கணக்கை முதலில் போடாததே பெரும்பாலும் காரணம்.

முழங்கால்: மலிவு, ஆனால் அனுமதி வேண்டும்

முழங்கால் தெறிவினையை 1875இல் ஜெர்மனியில் வெஸ்ட்ஃபால், எர்ப் என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியே விவரித்தார்கள். சில்லுக்குக் கீழுள்ள தசைநாணைத் தட்டும்போது தொடையின் முன்தசை சற்று இழுபடுகிறது. தசைக்குள் இருக்கும் தசைக்கதிர்கள் அதை உணர்ந்து முண்ணாணுக்கு அறிவிக்கின்றன. இடுப்புப் பகுதியின் 2 முதல் 4 வரையான கூறுகளில் உணர் நரம்புக்கலம் இயக்க நரம்புக்கலத்தை நேரடியாகத் தொடுகிறது, நடுவில் வேறு கலம் இல்லை. அதனால்தான் இந்த வேகம்: தட்டியதிலிருந்து தசையில் மின்னசைவு தோன்ற ஏறக்குறைய 20 மில்லிசெக்கன். கால் அசைவது கண்ணுக்குத் தெரிய இன்னும் சற்று நேரம் பிடிக்கும்.

இங்கே மாணவர்கள் அதிகம் தவறுவது ஒரே இடத்தில்தான். அடிமட்டத்தை விழவிட்டுப் பிடிக்கச் சொல்லிவிட்டு அதைத் ‘தெறிவினை நேரம்’ என்று எழுதுவார்கள். 20 சென்றிமீற்றர் விழுந்தபின் பிடித்தால் 0.20 செக்கன், 15 சென்றிமீற்றரில் பிடித்தால் 0.175 செக்கன் என்ற கணக்குச் சரிதான். ஆனால் அது கண் பார்த்து, மூளை தீர்மானித்து, கை மூடும் நேரம். பழகப் பழகக் குறையும். ‘விடப்போகிறேன்’ என்று சொன்னாலே குறையும். அதற்குப் பெயர் எதிர்வினை நேரம். தெறிவினை என்று தலைப்பு வைத்து அடிமட்டம் விட்டால், வாய்மொழிப் பரீட்சையின் முதற்கேள்வியிலேயே ஆய்வு சரிந்துவிடும். மொபைல் செயலியில் திரையைத் தொட்டு அளப்பதும் இதே வகைதான். அதோடு தொடுதிரையின் தாமதம் மொபைலுக்கு மொபைல் வேறுபடுவதால், ஆளுக்கொரு மொபைலில் எடுத்த அளவுகளை ஒப்பிடவும் முடியாது.

உண்மையான தெறிவினையை வைத்துச் செய்யக்கூடிய கச்சிதமான சிறு ஆய்வு, யெண்ட்ராசிக் என்ற ஹங்கேரிய மருத்துவரின் பெயரால் வழங்கும் உத்தியைச் சோதிப்பது. இரு கை விரல்களையும் கொக்கிபோலக் கோத்து எதிரெதிரே இழுக்கும்போது தட்டினால் கால் கூடுதலாகத் துள்ளும். எவ்வளவு கூடுதல் என்பதை அளப்பதுதான் வேலை. இந்த அமைப்பில் நேரத்தை அளக்கவே தேவையில்லை, கோணத்தை அளந்தால் போதும்.

ஆளை உயரமான மேசை விளிம்பில் இருத்துங்கள், பாதம் நிலத்தில் முட்டக்கூடாது. கணுக்காலிலும் முழங்கால் மூட்டின் வெளிப்பக்கத்திலும் இடுப்பெலும்பிலும் நிற ஒட்டுப்பொட்டு வையுங்கள். மொபைலை முக்காலியில் பூட்டி, பக்கவாட்டில் 2 மீற்றர் தள்ளி, முழங்கால் உயரத்துக்கு நேராக நிறுத்துங்கள். படப்பிடிப்பு வேகம் செக்கனுக்கு 240 சட்டகம். வழமையான 30 சட்டகத்தில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 33 மில்லிசெக்கன் போய்விடுவதால் உச்சக் கோணமே தவறிப்போகலாம். சில மலிவு மொபைல்கள் 240 என்று சொல்லிவிட்டு இடைச்சட்டகங்களைத் தாமே இட்டு நிரப்பும். அதைக் கண்டுபிடிக்க, 1 மீற்றர் உயரத்திலிருந்து ஒரு பந்தை விழவிட்டுப் படம் எடுங்கள். விழ 0.452 செக்கன் எடுக்கும், எனவே விட்டதிலிருந்து நிலம் தொடும்வரை ஏறக்குறைய 108 சட்டகம் வரவேண்டும். ஒவ்வொரு சட்டகத்திலும் பந்து இடம் மாறியிருக்கவும் வேண்டும். இரண்டு மூன்று சட்டகம் ஒரே இடத்தில் நின்றால் அந்த மொபைலை விட்டுவிடுங்கள்.

தட்டும் பலம் ஒரேமாதிரி இருக்கக் கையை நம்பவேண்டாம். சுத்தியலை ஒரு சட்டத்தில் ஊசல்போலத் தொங்கவிட்டு, எப்போதும் 60 பாகையிலிருந்து விடுங்கள். தட்டவேண்டிய இடத்தைப் பேனையால் அடையாளமிடுங்கள். ஒரு விரல் மேலே போனாலும் எலும்பில் படும், நோகுமே தவிரத் துள்ளாது. ஆள் சுத்தியலைப் பார்க்கக்கூடாது. பார்த்தால் தானாகவே காலை இறுக்கிக்கொள்வார். 20 பேர், ஒவ்வொருவருக்கும் கை கோத்து 5 தட்டல், கோக்காமல் 5 தட்டல், மாறி மாறி, இடையில் குறைந்தது 10 செக்கன். கோணத்தைக் கினோவியா என்ற இலவச மென்பொருளில் அளக்கலாம்.

கிடைக்கும் 200 அளவுகளையும் 200 தனி ஆட்கள்போல நடத்துவது அடுத்த பொறி. ஒருவருடைய 5 தட்டலுக்கும் சராசரி எடுத்து, 20 சோடிகளாக ஒப்பிடவேண்டும். இல்லாவிட்டால் சிறு வேறுபாடும் பெரிதாய்த் தோன்றும்.

செலவு மிகக் குறைவு. கால அட்டவணையைத் தீர்மானிப்பது ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதிதான். மனித உடலைத் தொட்டுச் செய்யும் எதற்கும் எழுத்துமூல ஒப்புதலும், முழங்காலில் காயமோ சத்திரசிகிச்சையோ பட்டவர்களை விலக்கும் விதியும் கேட்பார்கள். சித்த மருத்துவ மாணவர்களுக்கும் உயிரியல் படிப்பவர்களுக்கும் மேற்பார்வையாளர் பக்கத்திலேயே இருப்பார். மற்றவர்களுக்கு இது வீண் அலைச்சல்.

வாயிலுள்ள சான்று: ‘தான்’ எங்கே திரும்புகிறது?

எங்கள் முதல் தெரிவு இதுதான். ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

‘ரவி, குமார் தன்னைத் திட்டினான் எண்டு சொன்னான்.’ திட்டு வாங்கியது யார்? கேட்பவர்களில் அநேகர் ரவி என்பார்கள். ‘திட்டினான்’ என்பதைத் ‘திட்டிக்கொண்டான்’ என்று மாற்றினால் சுட்டுவிரல் குமாரை நோக்கித் திரும்பும். தமிழின் ‘தான்’ பக்கத்திலிருக்கும் எழுவாயைத் தாண்டி வெளியே நிற்கும் எழுவாயைச் சுட்டவல்லது. ‘கொள்’ என்ற துணைவினை அதை வீட்டுக்குள்ளேயே பிடித்து வைக்கிறது. இந்த இரண்டின் இழுபறியும் ஊருக்கு ஊர், வயதுக்கு வயது எப்படி வேறுபடுகிறது என்பது ஓர் அரையாண்டில் முடியக்கூடிய, முடிவில் சொல்ல ஏதாவது மிஞ்சக்கூடிய கேள்வி. திருகோணமலை அதற்கு வாய்ப்பான இடம். நகரத் தமிழ், மூதூரிலும் கிண்ணியாவிலும் முஸ்லிம்கள் பேசும் தமிழ், தம்பலகாமம், சம்பூர், ஈச்சிலம்பற்றுப் பக்கத்துக் கிராமத் தமிழ் எல்லாம் பஸ்ஸில் போய் அன்றே திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கின்றன.

இதைவிடச் சுவையான ஒரு கேள்வியும் உண்டு. ‘அவன் தான் வாறன் எண்டு சொன்னான்’ என்று ஒருவர் சொன்னால் எழுவாய் ‘தான்’, வினையோ தன்மை விகுதியில் நிற்கிறது. ‘தான் வாறான் எண்டு’ என்றும் சொல்லலாமா? யார் எதைச் சொல்கிறார்கள், எதைக் கேட்டு முகம் சுளிக்கிறார்கள்? எழுத்தில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை, ‘தான் வருவதாகச் சொன்னான்’ என்று எழுதித் தப்பிவிடுகிறோம். ஆகவே பத்திரிகைகளையும் நூல்களையும் எவ்வளவு துருவினாலும் விடை கிடைக்காது, வாய்ப்பேச்சில்தான் கிடைக்கும். புத்தகசாலை வசதி குறைந்த மாணவருக்கு இது ஒரு நல்ல செய்தி.

செய்முறை இப்படி. வாக்கியத் தொகுதிகள் 16 தயாரியுங்கள். ஒவ்வொன்றும் நான்கு வடிவில்: தனி வாக்கியம், ‘எண்டு சொன்னான்’ வந்த கூட்டு வாக்கியம் ஆகிய இரண்டும் ‘கொள்’ உள்ளதாகவும் இல்லாததாகவும். ஒரே ஆள் ஒரு தொகுதியின் ஒரு வடிவத்தை மட்டும் கேட்கவேண்டும். எனவே லத்தீன் சதுர முறையில் நான்கு பட்டியல் ஆக்கி, பட்டியலுக்கு 8 பேராக 32 பேரிடம் கேளுங்கள். நோக்கம் வெளித்தெரியாதிருக்க, சம்பந்தமில்லாத வாக்கியங்கள் 24 ஆவது இடையில் கலக்கவேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு கேள்வி: இப்படிச் சொல்வீர்களா (1 முதல் 5 வரை), இதில் ‘தன்னை’ என்பது யார்? தனி வாக்கியத்தில் இரண்டாவது கேள்விக்கு ‘குமாரா, வேறு யாராவதா’ என்று தெரிவு கொடுங்கள்.

கெட்டுப்போகும் இடங்கள் எங்களுக்குத் தெரிந்தவரை இவை. வாக்கியத்தை எழுத்தில் கொடுத்தால் பள்ளிக்கூட இலக்கணம் வந்து உட்கார்ந்துவிடும். அதனால் ஒரே குரலில் பதிவு செய்து கேட்கக் கொடுங்கள். ‘திட்டிக்கொண்டிருந்தான்’ என்று வந்தால் அது தொடர்வினை, தற்சுட்டு அல்ல. ‘கொண்டிரு’ சோதனை வாக்கியத்தில் வரவே கூடாது. பன்மை எழுவாய் போட்டால் ‘அடித்துக்கொண்டார்கள்’ என்பதை ‘ஒருவரையொருவர்’ என்று எடுத்துக்கொள்வார்கள், எனவே ஒருமை மட்டும். ‘தான்’ அழுத்தச் சொல்லாகவும் வரும். ‘அவன்தான் வாறான்’ என்று ஒட்டிக் கேட்டால் பொருளே வேறு. பதிவில் ‘அவன்’ என்பதற்குப்பின் சிறு இடைவெளி விடவேண்டும், அல்லது பெயருக்கும் ‘தான்’ என்பதற்கும் இடையில் ‘நேற்று’ போன்ற ஒரு சொல்லை வைக்கவேண்டும். திட்டுதல், அடித்தல் எல்லாம் இயல்பாகவே பிறரை நோக்கிய வினைகள், கண்ணாடியில் பார்த்தல் தன்னை நோக்கியது. இரண்டு வகையையும் சம அளவில் கலக்காவிட்டால் நீங்கள் அளப்பது வினையின் பொருளைத்தான், இலக்கணத்தை அல்ல.

வினை வடிவங்களை அந்தந்த ஊர்ப் பேச்சுக்கு ஏற்ப மாற்றுங்கள். யாழ்ப்பாணத்து ‘கொண்டு’, தமிழ்நாட்டு ‘கிட்டு’ என்று துணைவினையே இடத்துக்கிடம் உருமாறும் மொழி இது. கிண்ணியாவில் ஒருவருக்கு நகரத்து உச்சரிப்பில் வாக்கியத்தைப் போட்டுக்காட்டிவிட்டு, அவர் 2 மதிப்பெண் கொடுத்ததைத் ‘தற்சுட்டை ஏற்கவில்லை’ என்று எழுதுவது அநியாயம். அவருக்குப் பிடிக்காமல் போனது குரலாக இருக்கலாம்.

அதே மொழியியலில் இன்னொரு வாசல்

வரலாற்று மொழியியலில் தெறிவினை என்பதன் அதே ஆங்கிலச் சொல்லால் (reflex) குறிப்பது, மூலமொழி ஒலி ஒன்று இன்றைய மொழியில் எந்த ஒலியாக வந்து நிற்கிறது என்பதை. தமிழில் பல், பால். கன்னடத்தில் ஹல்லு, ஹாலு. மூலத் திராவிடப் பகரம் அங்கே ஹகரமாக வழிவந்திருக்கிறது. தமிழ்ச் செவிக்குக் கன்னடத்தில் கிவி. அங்கே பழைய ககரம் அப்படியே நிற்க, தமிழில்தான் சகரமாயிற்று. தமிழே மூலம், மற்றவை திரிபு என்று நினைத்துக்கொண்டு இறங்குபவர்கள் இந்த ஓர் எடுத்துக்காட்டை மேசைமேல் ஒட்டி வைக்கலாம்.

இங்கிருந்து செய்யக்கூடியது ழகர ஆய்வு. வாழை, மழை, கோழி, ஏழு, பழம் ஆகிய சொற்களில் திருகோணமலைப் பகுதி வாய்களில் வருவது ழவா, ளவா, இரண்டுக்கும் இடைப்பட்டதா? பலர் பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டது என்று காதால் கேட்டு எழுதிவிடலாம். ஆனால் அளந்து காட்டுவதுதான் ஆய்வு. பிராட் என்ற இலவச ஒலியியல் மென்பொருளில் மூன்றாம் ஒலிமுகட்டைப் (குரல் வலுப்பெறும் அதிர்வெண் பட்டைகளில் மூன்றாவதை) பாருங்கள். நா வளைந்த ழகரத்தில் அது நன்றாகக் கீழிறங்கி இரண்டாம் முகட்டை நெருங்கும், ளகரத்தில் அந்த அளவுக்கு இறங்காது. வாழை, வாளை என்ற சோடி கையோடு இருக்கிறது. கரையோர ஊரில் வாளை மீன் தெரியாதவர் இல்லை. எழுத்தைக் காட்டி வாசிக்கச் சொல்லவேண்டாம், படத்தைக் காட்டிப் பெயர் கேளுங்கள்.

பதிவு 44,100 ஹேர்ட்ஸ், சுருக்கப்படாத வேவ் வடிவம். வட்ஸ்அப் குரற்செய்தியாக அனுப்பி வாங்கியது உதவாது, சுருக்கும்போது நுண்விவரம் போய்விடும். காற்றாடியை நிறுத்துங்கள், கடற்கரைப் பக்கம் உட்காராதீர்கள். ஆண் குரலுக்கு முகட்டு எல்லை 5000 ஹேர்ட்ஸ், பெண் குரலுக்கு 5500 என்று மாற்ற மறந்தால் முகடுகள் இடம்மாறி விழும். 12 பேர், 10 சொல், மும்முறை என்றால் 360 துண்டு. ஒருவர் கையால் வெட்டி அளக்க மூன்று வாரம் ஒதுக்குங்கள். ‘தான்’ ஆய்வைவிடக் கண் வலிக்கும் வேலை, ஆனால் ஆள் குறைவாகத் தேவை.

களத்தில் தன்நோக்கு: தலைப்பாக எடுக்காதீர்கள்

களத்தில் தன்நோக்கு என்பது ஆய்வாளர் தன்னையும் ஆய்வுக்குள் வைத்துப் பார்ப்பது. தொடர்பாடல், சமூகவியல் மாணவர்களை அதிகம் ஈர்ப்பது இதுதான். அதிகம் வீணடிக்கப்படுவதும் இதுதான்.

இதற்கு நல்ல வரலாறு உண்டு. 1970இல் கூல்ட்னர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், தம் துறையினர் தம்மையும் தம் ஆய்வுப்பொருளைப் பார்ப்பதுபோலவே பார்க்கவேண்டும் என்றார். 1976இல் ப்ளூர், அறிவின் சமூகவியலுக்கு வகுத்த நான்கு விதிகளில் ஒன்றாக இதை வைத்தார்: பிறர் அறிவை விளக்கும் முறை, விளக்குபவரின் அறிவுக்கும் பொருந்தவேண்டும். மாலினோவ்ஸ்கி இறந்து கால் நூற்றாண்டுக்குப்பின் 1967இல் அவர் களத்தில் எழுதிய அந்தரங்க நாட்குறிப்பு வெளிவந்தபோது, திரோபிரியாண்ட் தீவு மக்களைப்பற்றி அவர் எழுதியிருந்த எரிச்சலான வரிகள் மானிடவியலை உலுக்கின. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியூ இன்னும் ஆழமாகப் போனார். ஆய்வாளரின் பிறப்பும் வகுப்பும் ஒரு சாய்வு, துறைக்குள் அவர் நிற்கும் இடம் இன்னொரு சாய்வு. மூன்றாவதுதான் எவரும் கவனிக்காதது: வாழ்பவர் வாழ்ந்துகொண்டிருப்பதை, பார்ப்பவர் தீர்க்கவேண்டிய புதிராக எடுத்துக்கொள்வது. கரைவலை இழுப்பவரிடம் ‘ஏன் இந்தத் தொழிலைத் தெரிவு செய்தீர்கள்?’ என்று கேட்பது அந்த மூன்றாவது சாய்வு. அவர் ஒன்றையும் தெரிவு செய்யவில்லை. கேள்வி கேட்டதால் ஒரு காரணம் சொல்வார், நீங்கள் அதைத் தரவு என்று எழுதிக்கொள்வீர்கள்.

எங்கள் கருத்து, தன்நோக்கு ஒரு முறை, தலைப்பு அல்ல. மீன்பிடி, மீள்குடியேற்றம், கிணற்று நீர் என்று வேறொரு தலைப்பை எடுத்து அதற்குள் இதைச் செய்யுங்கள். ‘என் தன்நோக்கு அனுபவம்’ என்று தனியே எழுதினால் 40 பக்கம் பாவமன்னிப்பாக முடியும்.

உருப்படியாகச் செய்ய ஒரு பிடிமானம் இருக்கிறது. பண்புசார் நேர்காணல் ஆய்வுகளை அறிக்கையிட 2007இல் வெளியான கோரெக் என்ற 32 அம்சப் பட்டியலில் முதல் 8 அம்சம் முழுவதும் ஆய்வாளரைப்பற்றியது: யார் கேட்டது, அவருடைய தகைமை, தொழில், பாலினம், பயிற்சி, முன்பே அறிமுகமா, அவரைப்பற்றிப் பதிலளித்தவருக்கு என்ன தெரியும், அவருக்கு இதில் என்ன அக்கறை. இவற்றுக்கு விடை எழுதுவது ஓர் இரவு வேலை. அதன்பின்தான் உண்மையான வேலை தொடங்கும்.

திருகோணமலை மாவட்டத்தில் ‘யார் கூட்டிவந்தது’ என்பதே தனி மாறி. கிராம சேவகர் காட்டிய வீட்டில் நிவாரணப் பட்டியல் நினைவோடு பதில் வரும். கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் அழைத்துப்போனால் சங்கத்தைப்பற்றிக் குறை வராது. சுனாமிக்குப் பிறகும் இடப்பெயர்வுகளுக்குப் பிறகும் கணக்கெடுக்க வந்தவர்களைப் பலமுறை கண்ட ஊர்களில், படிவத்தோடு வரும் எவரையும் எதையாவது தரப்போகிறவராகவோ தராமல் போகப்போகிறவராகவோதான் முதலில் பார்ப்பார்கள். மூதூரில் ஒரு தமிழ் மாணவரும் சம்பூரில் ஒரு முஸ்லிம் மாணவரும் ஒரே கேள்வியைக் கேட்டால் ஒரே பதில் வராது. இதை மறைக்காமல் பயன்படுத்தினால் அதுவே ஆய்வின் பலம்.

குறிப்பேட்டில் பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் சொன்னது, வலப்பக்கம் நடந்தது: எந்தக் கேள்வியில் பதில் சுருங்கியது, யார் உள்ளே வந்ததும் பேச்சு மாறியது, உங்களிடம் அவர்கள் என்ன கேட்டார்கள். ‘எந்த ஊர், ஆருடைய பிள்ளை’ என்று கேட்டது எத்தனையாவது நிமிடத்தில்? அதற்கு முன்னும் பின்னும் பதில்களின் நீளத்தை ஒப்பிடுங்கள். அன்று இரவே எழுதவேண்டும், மறுநாள் எழுதினால் நினைவு அதைக் கதையாக்கிவிடும். கேள்வியை இடைவழியில் மாற்றினால் திகதியும் காரணமும் எழுதுங்கள். 8 முதல் 12 நேர்காணல் ஒருவருக்குப் போதும். ஒரு மணி நேரப் பேச்சைப் பெயர்த்தெழுத 5, 6 மணி நேரம் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பகுப்பாய்வில் ஒரு முரண் அடிக்கடி வருகிறது. பிரவுண், கிளார்க் இருவரும் வகுத்த தன்நோக்குக் கருப்பொருட் பகுப்பாய்வைச் செய்ததாக எழுதிவிட்டு, அடுத்த பந்தியில் இரண்டு பேர் குறியிட்டு ஒத்திசைவுக் கெழு கணித்ததாக எழுதுவார்கள். அந்த முறையில் ஆய்வாளரின் பார்வை பிழையல்ல, கருவி. இரண்டு பேர் ஒரே குறியை இடவேண்டும் என்ற எதிர்பார்ப்பே அங்கு இல்லை. ஒன்றை விடுங்கள்.

செய்து முடித்தபின் ஒரு சோதனை. தன்நோக்குப் பந்திகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முடிவுரையை வாசியுங்கள். ஒரு முடிவும் மாறவில்லை என்றால் அந்தப் பந்திகள் அலங்காரம்.

சந்தை: ஆசைப்படலாம், எடுப்பது கடினம்

1948இல் சமூகவியலாளர் மேர்ட்டன் சொன்னது எளிது: வங்கி முறியப்போகிறது என்ற பொய்யை நம்பி எல்லோரும் பணத்தை எடுத்தால் வங்கி முறியும், பொய் மெய்யாகும். நிதிச் சந்தைக்கு இதை விரித்து 1987இல் முதலீட்டாளர் சோரோஸ் தன்நோக்குக் கோட்பாடு என்று எழுதினார். மாணவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது 2022 எரிபொருள் வரிசை. தட்டுப்பாடு வரும் என்று எல்லோரும் தாங்கி நிரப்பியதால் தட்டுப்பாடு வந்தது என்று எழுதத் தோன்றும். ஆனால் அன்றைக்கு நாட்டில் டொலரே இல்லை, கப்பல் உண்மையாகவே வரவில்லை. நம்பிக்கையால் நீண்ட வரிசை எவ்வளவு, பஞ்சத்தால் நீண்டது எவ்வளவு என்று இப்போது பிரிக்க வழியில்லை.

மீன் விலையில் பிரிக்கலாம், ஒரு நிபந்தனையோடு. எதிர்பார்ப்பை விலைக்கு முன்னரே அளந்திருக்கவேண்டும். வள்ளம் கரைக்கு வருமுன் விடியற்காலையில் அதே 6 வியாபாரிகளிடம், இன்று ஒரு கிலோ சூரை என்ன விலை போகும் என்று கேட்டு எழுதி, பிறகு ஏல விலையையும் பிடிபட்ட அளவையும் எழுதவேண்டும். விலை தெரிந்தபின் ‘என்ன நினைத்திருந்தீர்கள்’ என்று கேட்டால் எல்லோரும் தீர்க்கதரிசிகள். குறைந்தது 60 நாள் வேண்டும். வெள்ளிக்கிழமை, கோயில் திருவிழா நாள்களில் சைவ வீடுகளில் மீன் வாங்கமாட்டார்கள், அதைத் தனியே குறிக்கவேண்டும். நொவெம்பர் தொடங்கி வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் தொடர் அறுந்துபோகும். உங்கள் அரையாண்டு ஏப்ரல் தொடங்கி செப்டெம்பருக்குள் விழாவிட்டால் இதை நினைக்கவே வேண்டாம். இன்னொரு சிக்கல், தினமும் ஆறு பேரிடம் எதிர்பார்ப்பைக் கேட்பதே அவர்களை ஒருவர் நினைப்பை மற்றவர் அறியச் செய்யும். கேரளத்து மீனவர்கள் மொபைல் பாவிக்கத் தொடங்கிய 1997 முதல் 2001 வரையான காலத்தை ஆராய்ந்த ஜென்சன், கரைக்குக் கரை இருந்த விலை வேறுபாடு வெகுவாகச் சுருங்கியதைக் காட்டினார். தகவல் சந்தையைத் தொட்டால் சந்தை மாறும். நீங்களும் தகவல்தான். வியாபாரிகளைத் தனித்தனியே கேளுங்கள், ஒருவர் சொன்னதை மற்றவரிடம் வாய்தவறியும் சொல்லாதீர்கள்.

கணிதம், கணினி

கணிதத் தற்சுட்டு சுருக்கமானது: ஒவ்வோர் உறுப்பும் தன்னோடு தொடர்புற்றிருந்தால் அந்தத் தொடர்பு தற்சுட்டு. 3 உறுப்புள்ள கணத்தில் சாத்தியமான 512 தொடர்புகளில் 64 இப்படிப்பட்டவை. சமச்சீரும் கடப்பும் இருந்தால் தற்சுட்டு தானாக வரும் என்று எழுதுவது வழமையான பிழை, வெற்றுத் தொடர்பே அதற்கு எதிருதாரணம். இறுதியாண்டுக்கு உரிய ஆழம் வேண்டுமானால் தற்சுட்டு பனாக் வெளிகள் இருக்கின்றன. 1951இல் ஜேம்ஸ் கட்டிய வெளி தன் இரட்டை இருமையோடு ஒத்திருந்தும் தற்சுட்டு அல்ல, அதன் நிறுவலை முழுதாக விளங்கி எழுதுவதே ஓர் அரையாண்டு. களமும் அனுமதியும் தேவையில்லை. சார்புப் பகுப்பாய்வு படிக்காதவர்கள் கிட்டப் போகவேண்டாம்.

கணினி மாணவர்களுக்கு, ஒரு நிரல் ஓடும்போதே தன் வகுப்புகளையும் முறைகளையும் தானே பார்த்து அழைக்கும் வசதியின் விலையை அளப்பது ஆறு வாரத்தில் முடியும் வேலை. ஜாவாவில் நேரடி அழைப்பையும் இத்தகைய அழைப்பையும் ஒப்பிடும்போது, முதல் சில ஆயிரம் சுற்றுகளை விட்டுவிட்டே அளக்கவேண்டும். நிரல் ஓடும்போது தொகுப்பி அதை மெருகேற்றிக்கொண்டிருக்கும். கணித்த விடையை எங்கேயும் பயன்படுத்தாவிட்டால் அது முழுச் சுற்றையுமே நீக்கிவிடும், உங்களுக்குச் சுழியம் நேரம் காட்டும். கையால் கடிகாரம் வைத்து எழுதாமல் இதற்கென்றே உள்ள ஜேஎம்எச் கருவியைப் பாவியுங்கள். ஜாவா 16 முதல், ஜாவாவின் சொந்த உட்பகுதி வகுப்புகளுக்குள் நுழைவது இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் பழைய எடுத்துக்காட்டுகள் பிழைச்செய்தியோடு நிற்பதற்கு அதுவே காரணம்.

எவர் எதை எடுப்பது

தனியாள், தமிழோ மொழியியலோ தொடர்பாடலோ படிப்பவர் என்றால் ‘தான்’ ஆய்வு. ஆள் திரட்டக் கூச்சமுள்ளவர், கணினியின்முன் பொறுமையாக உட்காரக்கூடியவர் என்றால் ழகரம். இருவராக, மருத்துவப் பின்னணியோடு, அனுமதி விண்ணப்பத்தை முதல் வாரத்திலேயே கொடுக்க முடிந்தவர்களுக்கு முழங்கால். அனுமதி ஆறாம் வாரத்திலும் வராவிட்டால் காத்திராமல் மாற்றிவிடுங்கள். சமூகவியல் மாணவர் எதை எடுத்தாலும் இரு நெடுக்குக் குறிப்பேட்டைக் கைவிடவேண்டாம்.

இருவர் சேர்ந்து செய்வதானால் ‘தான்’ ஆய்வோடு களக் குறிப்பேட்டை இணைப்பது நன்றாகப் பொருந்தும். ஒருவர் நகரத்தவர், மற்றவர் கிண்ணியாவோ மூதூரோ என்றால் இன்னும் நல்லது. அதே நான்கு பட்டியலை இருவரும் இரண்டு ஊரிலும் சம எண்ணிக்கையான ஆட்களிடம் கேட்கவேண்டும், ஊருக்கு 16 பேர், அதில் ஆளுக்கு 8. கேட்டவர் யார் என்பதும் அப்போது அட்டவணையில் ஒரு நிரலாகும். ‘தான் வாறன்’ என்ற வாக்கியத்துக்கு ஊராள் கேட்டபோது 5 மதிப்பெண்ணும் வெளியாள் கேட்டபோது 3 மதிப்பெண்ணும் விழுந்தால், அந்த இரண்டு மதிப்பெண் வேறுபாட்டை இலக்கண அத்தியாயத்தில் எழுதக்கூடாது, களக் குறிப்பு அத்தியாயத்தில் எழுதவேண்டும்.